இடப்பக்கம் சுற்றும் கன்று

பூதிகோட்டை
2-8-2024, வெள்ளி

வாத்தியார் சம்பந்திக்கு,

ராஜப்பா எழுதுவது. நாங்கள் இங்கே அவ்வளவு சுகமாக இல்லை. நீங்களாவது சுகமாக இருங்கள்.

செவ்வாய்க்கிழமை பால் வேனில் ராதிகாவை ஏற்றி அனுப்பினேன். அவள் பக்கத்தை அவள் சொல்லியிருப்பாள். என் பக்கத்தை நான் எழுதுகிறேன். போன் பண்ணாதீர்கள். சுரங்கத்தில் நாற்பத்தெட்டாம் லெவலில் வெடிச்சத்தத்தோடு இருபத்தாறு வருடம் இருந்தவன் காதுக்குப் போன் எதற்கு? நீங்கள் சொல்வதைக் கிருஷ்ணம்மா கேட்டு என்னிடம் கத்த வேண்டும். என் பெண்டாட்டி ஒன்றை ஒன்பதாக்கிச் சொல்கிறவள். கடிதத்தை ரோனியிடம் கொடுங்கள். உறையின் ஓரமெல்லாம் கோந்து போட்டு ஒட்டுங்கள். அவன் வேன் ஓட்டுகிறவன்தான், ஆனாலும் தமிழ் படிப்பான்.

செவலைக் கன்றுக்கு எட்டு மாதம் ஆகிறது. பத்து நாளாக அது சுற்றுகிறது. முளையில் கட்டினால், கயிறு தீரும் வரை இடப்பக்கமாகவே சுற்றி, கடைசியில் முளையில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கிறது. ஏப்ரலில் மூத்த கன்றும் இப்படித்தான் சுற்றியது. மே மாதம் அதைப் புதைத்தேன். ஒரே தொழுவத்தில் இரண்டு கன்றுக்கு ஒரே மாதிரி வந்தால் அது வியாதியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கன்றுகளுக்குத் தண்ணீரும் தவிடும் வைப்பது உங்கள் பெண். மாடுகளை விற்றுவிட்டுப் பெங்களூருக்கே குடிபோகலாம் என்று ஒரு வருடமாகத் திலீப்பிடம் சொல்வதும் உங்கள் பெண். என் மகன் தினமும் பங்காருப்பேட்டையில் ரயிலேறி வேலைக்குப் போய்வரும் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் மாடு உள்ளவரை நான் நகர மாட்டேன். அது அவளுக்கும் தெரியும். மாடு இல்லாமல் போனால்?

இந்த வீட்டில் அவள் ஒருத்திதான் என் எதிரில் வந்து நின்று, உதடு தெரிய, நிதானமாகப் பேசுகிறவள். அப்படிப்பட்டவள் போன திங்கட்கிழமை தொழுவத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசினாள். கையில் லேபிள் இல்லாத ஒரு பழுப்பு பாட்டில். "இன்னாம்மா அது?" என்று கேட்டேன். பாதி முகம் மட்டும் திரும்பியது. "ஒன்னுமில்ல மாமா" என்று உதடு அசைந்தது. பாட்டில் முந்தானைக்குள் போய்விட்டது.

அது என்ன பாட்டில் என்று கேட்டு எழுதுங்கள்.

ராஜப்பா


ஊரிகம்
4-8-2024, ஞாயிறு

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ராதிகா வந்ததிலிருந்து அதிகம் பேசவில்லை. "மாமா அனுப்பிட்டாரு, வந்துட்டேன்" என்பதோடு சரி. பாட்டிலைப் பற்றிக் கேட்டேன். "நீங்களுமா நைனா?" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். பள்ளியில் ஒருமுறை பூதக்கண்ணாடி காணாமல் போயிற்று. முதல்நாள் அதைக் கடைசியாகத் தொட்டவன் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன். அவன் முழியும் சரியில்லை. இரண்டு நாள் அவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். மூன்றாம் நாள் இதயப் படம் போட்ட சார்ட்டைப் பிரித்தபோது உள்ளிருந்து கண்ணாடி விழுந்தது. அந்தச் சார்ட்டைச் சுருட்டி வைத்தவன் நான். கடைசியாகத் தொட்டவர் யார் என்று பார்ப்பது சுலபம். அதனாலேயே அதை நம்பக் கூடாது.

ஆகவே முதலில் கன்றைப் பார்ப்போம். எப்போதும் இடப்பக்கம்தானா? காய்ச்சல் உண்டா? இரண்டு கண்ணும் தெரிகிறதா? சாணம் எப்படி? கால்நடை டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். "என் தொழுவத்துக்கு டாக்டர் வேணாம்" என்று நீங்கள் சொல்வதாக ராதிகா ஒருமுறை சொன்னாள். இந்தத் தடவை அந்த வைராக்கியம் வேண்டாம்.

இன்னொன்று. நான் யார்மேலும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் மங்கம்மா வீட்டில் பழைய பெயின்ட் டின்களும் பேட்டரிகளும் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். கன்று நக்கினால் ஈயம் மூளைக்குப் போகும். போன வருடம் வேலித் தகராறு வேறு நடந்தது. கொஞ்சம் கண் வையுங்கள்.

பைரவனுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொட்டலம் வேனில் வருகிறது. நான் கொடுத்த நாய் என்பதால் அதை நீங்கள் பட்டினி போட்டுவிட மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

அன்புடன்,
சம்பங்கி


பூதிகோட்டை
7-8-2024, புதன்

வாத்தியாரே,

நீங்கள் சொன்னதற்காக டாக்டரைக் கூப்பிட்டேன். பல்லவி என்று ஒரு பெண். என் காது விஷயம் தெரிந்ததும் ஒரு துண்டுச் சீட்டில் கன்னடத்தில் பெரிது பெரிதாக எழுதிக் காட்டினாள். எனக்குக் கன்னடம் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும்.

முதலில் கையுறை மாட்டிக்கொண்டு, வெறிநாய் கடித்திருக்குமோ என்று கேட்டாள். கன்றின் வாயில் யாரும் கைவிடக் கூடாது என்றாள். பிறகு வலது கண்ணுக்கு முன்னால் கையை வீசினாள். கன்று இமைக்கவில்லை. இடது கண்ணுக்கு முன்னால் வீசினால் தலையைப் பின்னுக்கு இழுத்தது. வலது கண் செத்திருப்பதை இத்தனை நாள் நான் கவனிக்கவில்லை. காய்ச்சல் இல்லை. காதில் ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்தாள். உண்ணி கடித்து ரத்தத்தில் கிருமி ஏறினாலும் கன்று சுற்றுமாம். சாணம் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். குடலில் ஒரு கிருமி அதிகமானால் கன்றுக்கு வலிப்பு வருமாம். சத்துக் குறைவாக இருந்தால் இதில் தெரியும் என்று ஒரு வைட்டமின் ஊசி போட்டாள். மங்கம்மா வீட்டு டின்களைப் பற்றி நான்தான் சொன்னேன். வேலிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

சீட்டில் ஆறு பெயர் எழுதித் தொழுவத்துத் தூணில் ஆணியடித்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவாளாம். அடிபடாமல் எது நிற்கிறதோ அதுதான் வியாதியாம். நான் ஒரு பெயரை வைத்துக்கொண்டு அதை அடிக்க முடியாமல் இருக்கிறேன்.

போகும்போது, "ராதிகா எங்கே?" என்று எழுதிக் காட்டினாள். இவளுக்கு எப்படி ராதிகாவைத் தெரியும்? போனில் பேசியது இவளிடம்தானா? இரண்டு பேரும் சேர்ந்து என்ன பேசினார்கள்? பாட்டில் விஷயத்துக்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை.

ராஜப்பா


ஊரிகம்
9-8-2024, வெள்ளி

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத வெட்கமாக இருக்கிறது.

நேற்று ராதிகா ரேஷன் கடைக்குப் போனாள். வரிசை நீளமாக இருக்கும், வர ஒரு மணி நேரமாகும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தைக் கணக்குப் பண்ணி அவள் பையைத் திறந்தேன். புடவைக்கு அடியில் அந்தப் பழுப்பு பாட்டில் இருந்தது. பாதி காலி. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். நாற்பது வருடம் முன்பு ஆய்வுக்கூடத்தில் முகர்ந்தவை எல்லாம் ஞாபகம் வந்தன, இது மட்டும் என்னவென்று தெரியவில்லை. அந்த ஒரு நிமிடம் நான் என்ன நினைத்தேன் என்பதை எழுத மாட்டேன். உங்களுக்கு ஊகிக்கத் தெரியும். உங்கள் சந்தேகம் பால் வேனில் ஏறி என் வீட்டுக்கும் வந்து இறங்கிவிட்டது.

நிமிர்ந்தால் வாசலில் ராதிகா. ரேஷன் கடை மூடியிருந்ததாம். "முந்தானைல மறச்சதுக்கு அவரு துரத்துனாரு. புடவைக்கு அடில வச்சதுக்கு நீங்க இன்னா பண்ணப் போறீங்க நைனா?" என்று மட்டும் கேட்டாள். அதன்பிறகு என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. எனக்குப் போட்டு மூடி வைத்துவிடுகிறாள்.

பாட்டிலை ரோனியிடம் கொடுத்திருக்கிறேன். டாக்டரிடம் காட்டுங்கள். என்ன சொன்னாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

சம்பங்கி


பூதிகோட்டை
13-8-2024, செவ்வாய்

வாத்தியாரே,

பாட்டிலை டாக்டர் பார்த்தாள். மூடியைத் திறக்கக்கூட இல்லை. "நான் கொடுத்ததுதான்" என்று எழுதினாள். கன்றுகளுக்குக் குடற்புழு மருந்து. மூத்த கன்று செத்த பிறகு உங்கள் பெண் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய், இளையதுக்காவது கொடுக்க வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். தொழுவத்தில் ஈரம் பட்டு லேபிள் ஊறிப் போயிருக்கிறது. டாக்டர் மருந்து வேண்டாம் என்று நான் கத்துவேன் என்பதால் மறைத்திருக்கிறாள். அளவு சரியாகத்தான் கொடுத்திருக்கிறாளாம். ஆனால் இந்தக் கன்றுக்கு வந்திருப்பதை அந்த மருந்து தொடாதாம்.

இன்னொன்றும் எழுதினாள். மே மாதம் மூத்த கன்று செத்த அன்று ராதிகா அவளுக்குப் போன் பண்ணி, புதைப்பதற்குமுன் தலையைத் திறந்து பார்க்க வேண்டும், சீக்கிரம் வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறாள். டாக்டர் வந்து சேர்வதற்குள் நான் குழியை மூடிவிட்டேன். அன்றைக்குத் தலையைத் திறந்திருந்தால் வியாதி அன்றைக்கே தெரிந்திருக்கும்.

தூணில் இருக்கும் சீட்டில் ஐந்து அடிபட்டுவிட்டது. ரத்தம் சுத்தம். சாணத்தில் கிருமி இருக்கிறது, ஆனால் வலிப்பு வரும் அளவுக்கு இல்லை. வைட்டமின் ஊசிக்கு ஒரு மாற்றமும் இல்லை. வெறிநாய் கடியாக இருந்தால் இத்தனை நாள் உயிரோடு இருக்காது. மங்கம்மா வீட்டு டின் எல்லாம் காலி, வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை. மங்கம்மாவைப் பற்றி நாம் இரண்டு பேரும் இனி வாயைத் திறக்க வேண்டாம்.

நின்ற ஒன்று, மூளைக்குள் வளரும் நீர்ப்பை. ஒரு நாடாப்புழுவின் குஞ்சு மூளையில் போய் உட்கார்ந்து, தன்னைச் சுற்றித் தண்ணீர்ப் பை கட்டிக்கொள்ளுமாம். ரத்தத்திலும் சாணத்திலும் தெரியாதாம். கன்று எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கம்தான் பெரும்பாலும் பை இருக்கும். எதிர்ப்பக்கக் கண் போகும். பை பெரிதானால் மேலே மண்டை எலும்பு மெலிந்துபோகும். டாக்டர் விரலை மடக்கிக் கன்றின் மண்டையைத் தட்டித் தட்டிக் கேட்டாள். சந்தேகமாக இருக்கிறது என்று உதட்டைப் பிதுக்கினாள்.

நான் சுரங்கத்தில் டிம்பர்மேன், மேல்பாறை விழாமல் மரம் முட்டுக் கொடுக்கிறவன். ஷிப்ட் ஏறினதும் முதல் வேலை, கடப்பாரையால் மேல்பாறையைத் தட்டுவது. கெட்டிப் பாறை ஒரு மாதிரி, விழப்போகிற பாறை ஒரு மாதிரி. காது போன பிறகும் ஆறு வருடம் அந்த வேலையை விடவில்லை. ஒரு கையால் தட்டி, இன்னொரு உள்ளங்கையைப் பாறைமேல் வைத்துக்கொள்வேன். உள்ளே பொள்ளலாக இருந்தால் கைக்குத் தெரியும். அந்த ஞாபகத்தில் கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு விரலால் தட்டி, இன்னொரு கட்டைவிரலை நகர்த்திக்கொண்டே போனேன். இடது கொம்புக் குருத்துக்குப் பின்னால், ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு, எலும்பு அமுங்கியது. டாக்டர் விரலைப் பிடித்து அங்கே வைத்தேன். அவள் அழுத்திப் பார்த்துவிட்டுச் சாக்பீஸால் வட்டம் போட்டாள்.

திறந்து எடுத்தால் பிழைக்கலாம், எடுக்காவிட்டால் பிழைக்காது என்கிறாள். எடுக்கச் சொல்லிவிட்டேன்.

நாயைப் பற்றியும் என்னென்னவோ கேட்டாள். அது அப்புறம்.

ராஜப்பா


ஊரிகம்
16-8-2024, வெள்ளி

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. என் பெண் சுத்தம் என்று இப்போது எழுத்தில் இருக்கிறது. கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். "கன்னுக்குட்டி இன்னாச்சு? அத மொதல்ல சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. முதலிலேயே பூதக்கண்ணாடி உதாரணம் சொன்னேன் அல்லவா? அவசரப்பட்டு முடிவுக்கு வருகிறவர்கள் கடைசியில் வருத்தப்படுவார்கள். இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை.

ஆபரேஷன் எப்போது? முந்தின நாள் தீனி வைக்கக் கூடாது என்று ராதிகா சொல்கிறாள். டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பைரவன் பொட்டலத்தை ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் அனுப்புகிறேன்.

சம்பங்கி


பூதிகோட்டை
23-8-2024, வெள்ளி

வாத்தியாரே,

புதன்கிழமை முடிந்தது. கோலாரிலிருந்து பெரிய டாக்டர் ஒருவரும் வந்தார். தொழுவத்திலேயே வைக்கோல் பரப்பி, மயக்க ஊசி போட்டு, தலையைச் சிரைத்து, சாக்பீஸ் வட்டம் இருந்த இடத்தில் எலும்பில் ஓட்டை போட்டார்கள். எங்கள் சுரங்கத்தில் வெடிக்குத் துளை போடுகிறவனின் பொறுமை அவர்கள் கையில் இருந்தது.

உள்ளேயிருந்து ஒரு பை வந்தது. எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிது. கண்ணாடி மாதிரி மெல்லிய தோல், உள்ளே தெளிந்த தண்ணீர், தோலின் உட்பக்கம் கொத்துக் கொத்தாக வெள்ளைப் புள்ளிகள், ரவையை ஒட்டிவைத்த மாதிரி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு புழுவின் தலையாம். பல்லவி அதைத் தட்டில் ஏந்தி எல்லோருக்கும் காட்டினாள். கிருஷ்ணம்மா பார்த்துவிட்டு, "இதுக்கா ஒரு பொண்ண வண்டி ஏத்துனே?" என்று கேட்டாள். அவள் உதட்டைப் படிக்க எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை.

இன்று காலை கன்று எழுந்தது. நாலு அடி நேராக நடந்து தாயிடம் போயிற்று. வலது கண் வருமா என்று போகப் போகத்தான் தெரியும்.

ராஜப்பா


ஊரிகம்
25-8-2024, ஞாயிறு

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இன்று பொட்டலம் அனுப்பவில்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. கண்ணாடித் தோல், தெளிந்த தண்ணீர், ரவை மாதிரிப் புள்ளிகள் என்று படித்துக்கொண்டு வந்தவன் அங்கேயே நின்றுவிட்டேன். அந்தப் பையை நான் பார்த்திருக்கிறேன். என் கையால் எடுத்திருக்கிறேன்.

இங்கே பக்கத்தில் பாலகாட்டில் நான் ஞாயிறுதோறும் ஆட்டுத்தலை வாங்கும் கடை உங்களுக்குத் தெரியும். தலையைப் பிளக்கும்போது சில மூளையில் நீர்க்கட்டி இருக்கும். கடைக்காரர் அதை விற்க மாட்டார், நல்ல மனுஷர். "வாத்தியாரு நாய்க்கு ஆவும்" என்று எனக்கென்று தனியாக எடுத்து வைப்பார். வீணாக்குவானேன் என்று நானும் அதை வாங்கி, வேகவைக்காமல், பைரவன் பொட்டலத்தில் கட்டுவேன். பைரவன் இங்கே இருந்தபோதும் அதுதான். போன அக்டோபரில் உங்களிடம் விட்ட பிறகும் வேனில் அதுதான்.

முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் நாடாப்புழுவின் வாழ்க்கை வட்டத்தை வரைந்தவன் நான். அம்புக்குறி போட்டு வரைவேன். அந்த வரிசையைத்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது. ஆட்டின் மூளையிலிருக்கும் பையை நாய் தின்றால், நாயின் குடலில் நாடாப்புழு. நாய் மலத்தில் முட்டை. முட்டை விழுந்த புல்லைக் கன்று மேய்ந்தால், கன்றின் மூளையில் பை. அம்புக்குறிகள் எல்லாம் என் வீட்டிலிருந்து கிளம்பியிருக்கின்றன. மங்கம்மாவையும், ஒரு நிமிடம் என் பெண்ணென்றும் பாராமல் ராதிகாவையும் சந்தேகித்தேன். அந்த நாட்களிலும் ஞாயிறு தவறாமல் பொட்டலம் கட்டியிருக்கிறேன்.

மூத்த கன்றைக் கொன்றது நான். தெரியாமல்தான். ஆனால் தெரிந்திருக்க வேண்டியவன்.

பைரவனுக்கு உடனே நாடாப்புழு மாத்திரை கொடுக்கச் சொல்லுங்கள். அதன் மலத்தை எரித்துவிடுங்கள். எல்லோரும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மனிதருக்கும் வரலாம். ராதிகாவிடமும் சொல்லிவிட்டேன்.

சம்பங்கி


பூதிகோட்டை
27-8-2024, செவ்வாய்

வாத்தியாரே,

எனக்குத் தெரியும்.

பதின்மூன்றாம் தேதியே பல்லவி கேட்டாள், நாய்க்குப் பச்சைக் கறி, தலைக்கறி போடுவீர்களா என்று. ஐஸ்பெட்டியில் மிச்சமிருந்த உங்கள் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். அன்றைக்கே நாய்க்கு மாத்திரை கொடுத்தாயிற்று. பதினெட்டாம் தேதி வந்த பொட்டலத்தைக் குழிவெட்டிப் புதைத்தேன்.

உங்களுக்கு எழுதவில்லை. பையை எடுத்ததும் அது எப்படி இருந்தது என்று மட்டும், அடையாளம் ஒன்றுகூட விடாமல் எழுதினேன். படித்தவர், கண்டுபிடிப்பார். கண்டுபிடித்ததைச் சொல்வாரா, மூடுவாரா என்று பார்க்க நினைத்தேன். அது என் புத்தி. பாறையைத் தட்டிப் பார்க்காமல் அடியில் நிற்க மாட்டேன்.

சொல்லிவிட்டீர்கள். போதும். செத்த கன்றை நீங்களும் நானும் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்வோம். நீங்கள் தெரியாமல் கொடுத்தீர்கள். நான் தலையைத் திறக்க விடாமல் மூடினேன்.

வியாழக்கிழமை வேனில் ராதிகாவை அனுப்பிவையுங்கள்.

ராஜப்பா


ஊரிகம்
29-8-2024, வியாழன்

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வேன் வந்தது. ராதிகா ஏறவில்லை.

உங்கள் கடிதங்கள், நான் எழுதியவற்றின் நகல்கள், எல்லாவற்றையும் அலமாரியில் தேதி வரிசையில் அடுக்கி வைத்திருந்தேன். நேற்று உட்கார்ந்து முழுவதும் படித்திருக்கிறாள். அப்புறம் என் எதிரில் வந்து நின்றாள். உங்களிடம் நிற்பாளே, அப்படி. அவள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன்.

"கன்னுக்குட்டிய டாக்டரு தட்டிப் பாத்தாங்க, மாமா தட்டிப் பாத்தாரு. உங்களக்கூட மாமா தட்டிப் பாத்தாரு. ஒம்பது லெட்டர்ல என்னைய ஒரு வார்த்த யாராவது கேட்டீங்களா? வேன்ல ஏத்துறதுக்கும் எறக்குறதுக்கும் நான் பால் கேனா? திலீப்பு பெங்களூருல ரூம் பாத்துட்டாரு. நான் அங்க போறேனா, பூதிகோட்டைக்குப் போறேனான்னு நான் சொல்றேன். மாமாவுக்கு எதுனா சொல்லணும்னா வந்து சொல்லட்டும்."

என்னிடம் இருந்த உதாரணங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை வரை இங்கே இருப்பாள்.

சம்பங்கி


1-9-2024, ஞாயிறு
உங்கள் வாசலில்

ராதிகாவுக்கு,

இது உன் நைனாவுக்கு இல்லை, உனக்கு. ரோனியிடம் கொடுக்கவில்லை. கோந்தும் போடவில்லை. நானே கொண்டுவந்து கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

கன்று நேராக நடக்கிறது. அதை வைத்து உன்னைக் கூப்பிட வரவில்லை. நீ பெங்களூர் போனாலும் சரி, மாட்டை நான் பார்த்துக்கொள்வேன். தொழுவத்தில் நீ எனக்கு முதுகைக் காட்டிய அன்று, உன்னைத் திருப்பி நிறுத்தி இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என் தப்பு. அதை எதிரில் நின்று சொல்ல வந்திருக்கிறேன்.

கதவைத் தட்டினேன். நீ உள்ளேயிருந்து ஏதாவது சொன்னால் எனக்குக் கேட்காது. அதனால் கதவின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். நீ நடந்து வந்தால் தெரியும்.

வராவிட்டாலும் தெரியும். கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

மாமா